ஒரு பாடம், ஒரு நோட்டு, ஒரு கைப்பேசி: இணையத்தில் இலவசமாக அறிவியலும் கணக்கும் கற்கத் தொடங்கும் முறை

இராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு அருகே ஒரு கடற்கரைக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்திவருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பலர் முதல் நாளே கைப்பேசியைத் திறந்து, தாங்கள் சேமித்து வைத்திருக்கும் பாடக் காணொளிகளைப் பெருமையோடு காட்டுவதுண்டு. சென்ற ஆண்டு சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இயற்பியலுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட காணொளிகள் இருந்தன. "பார்க்கும்போது எல்லாம் புரியுது சார், நோட்டைத் திறந்தா கையே ஓட மாட்டேங்குது" என்றாள். இந்தக் கட்டுரை அவளைப் போன்றவர்களுக்காகவும், இடையில் படிப்பை விட்டுவிட்டு மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்காகவும், பிள்ளைக்கு எதைத் திறந்து கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காகவும் எழுதப்படுகிறது.

இலவசப் பாடங்களுக்கு இன்று பஞ்சமில்லை. எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்குவது என்பதுதான் தெரிவதில்லை. ஆகவே இணையதளங்களின் பெயர்களை அடுக்காமல், ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அதை எப்படி முடிப்பது என்பதைக் காட்டி, அந்த வழியில் எதிர்ப்படும் வளங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பாடநூல்

தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள் அனைத்தும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கையில் அச்சிட்ட புத்தகம் இருந்தாலும் இதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதிலும் தமிழ்வழி நூலையும் ஆங்கிலவழி நூலையும் சேர்த்தே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பாட வரிசையில் செல்வதால், மூன்றாம் அலகு இங்கே 'பாய்மங்கள்' என்றால் அங்கே அதே அலகு 'ஃப்ளூயிட்ஸ்' என்றிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே உங்களுக்கென்று ஒரு கலைச்சொல் பட்டியல் உருவாகிவிடும்: அடர்த்தி 'டென்சிட்டி', உந்தம் 'மொமென்டம்', மடக்கை 'லாகரிதம்'. ஆங்கிலக் காணொளிகளைத் தேடவும் பின்தொடரவும் இந்தப் பட்டியலே போதும். இதற்குத் தனியாக ஆங்கில வகுப்புக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை.

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் ஆங்காங்கே விரைவுக் குறியீடுகள் (க்யூஆர் கோடுகள்) அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அவற்றை ஓரத்து அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். 2017-இல் தொடங்கப்பட்ட தீக்‌ஷா செயலியைக் கொண்டு அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்தால், அந்தப் பகுதிக்கே உரிய காணொளியோ பயிற்சியோ திறக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. பள்ளிக்கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளின் பாடக் கருத்துகள் அசையும் படங்களுடன் விளக்கப்படுகின்றன. மணற்கேணி என்ற பெயர் நம் பக்கத்தாருக்குப் புதிதல்ல. கடற்கரை மணலைக் கையால் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறோமே, அந்த ஊற்றுதான் அது. அதையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஓர் ஊற்றும் ஒரு பாடமும்

கடலிலிருந்து நாற்பது ஐம்பது அடி தள்ளித் தோண்டிய ஊற்றில் குடிக்கத்தக்க நீர் எப்படி வருகிறது? "மணல் உப்பை வடிகட்டிவிடுகிறது" என்றுதான் வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வார்கள். அது சரியன்று, மணல் கசடை வடிகட்டும், கரைந்த உப்பை வடிகட்டாது. பின் எப்படி என்ற கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்துக்குள் போகிறவர் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார். அது இல்லாமல் போகிறவர் அலைந்துகொண்டே இருப்பார்.

முதல் நாள் பாடநூலோடு நில்லுங்கள். ஏழாம் வகுப்பு அறிவியலில் அளவீட்டியல் பாடத்தில் அடர்த்தி வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்தில் அழுத்தமும் மிதப்பு விசையும் வருகின்றன. பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில், மேல்வகுப்புப் பாடம் புரியாமல் தவிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இரண்டு மூன்று வகுப்புகளுக்குக் கீழேதான் இருக்கிறது.

இரண்டாம் நாள் ஃபெட் (PhET) தளத்துக்குச் செல்லுங்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. அறிவியல், கணக்குப் பாடங்களுக்கான சிமுலேஷன்கள், அதாவது நாமே அளவுகளை மாற்றி விளைவைப் பார்க்கத்தக்க செயல்மாதிரிகள், இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல தமிழிலும் உள்ளன. பதிவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும் என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. அடர்த்தி பற்றிய செயல்மாதிரியில் ஒரே பருமனுள்ள கட்டைகளைத் தண்ணீரில் போட்டு எது மூழ்குகிறது, எது மிதக்கிறது என்று பாருங்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு: கட்டையைப் போடுவதற்கு முன் 'இது மூழ்கும்' அல்லது 'இது மிதக்கும்' என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் போட வேண்டும். முன்கூட்டி எழுதாமல் பார்த்தால் அது வெறும் விளையாட்டாகவே முடிந்துபோகும்.

மூன்றாம் நாள் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கோழிமுட்டையை எடுங்கள். குடிநீரில் போட்டால் மூழ்கும். இதை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். கடல்நீரில் போட்டால்? மிதக்கும் என்று என் வகுப்பில் எல்லாரும் கை தூக்கினார்கள். வாளியில் கடல்நீர் கொண்டுவந்து போட்டோம். முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் உண்டு. அதன் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைப் போல் 1.025 மடங்கு. புது முட்டையின் அடர்த்தியோ அதைவிட அதிகம். ஒரு லிட்டர் நீரில் 150 கிராம் அளவுக்கு உப்பைக் கரைத்த பிறகுதான் முட்டை மேலே வந்தது. உப்பளத்தில் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பையன் ஒருவன், "பாத்தித் தண்ணியில போட்டா உடனே மிதக்கும் சார்" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி.

நான்காம் நாள் அந்த 1.025 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போலத் தங்கி நிற்கிறது. ஊற்றில் நாம் மொள்வது அந்த வில்லையின் மேற்பகுதியைத்தான். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே h மீட்டர் உயர்ந்தும், கடல் மட்டத்துக்குக் கீழே z மீட்டர் ஆழ்ந்தும் இருப்பதாகக் கொள்வோம். அடிப்புள்ளியில் இரு பக்கத்து அழுத்தமும் சமமாக வேண்டும்; எனவே 1000 × (h + z) = 1025 × z. இதைச் சுருக்கினால் 25z = 1000h, அதாவது z = 40h. மேலே ஒரு சாண் நன்னீர் நின்றால் கீழே நாற்பது சாண் நிற்கிறது. மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கிவிட்டால், நிலைமை சமநிலைக்கு வரும்போது உவர்நீர் கீழிருந்து நாற்பது சாண் ஏறிவிடும். இதற்குக் கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு என்று பெயர். கல்லூரி நிலவியல் பாடத்தில் வருவது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு அழுத்தப் பாடமும் எட்டாம் வகுப்பு இயற்கணிதமும் தெரிந்தவர் எவரும் இரண்டே வரியில் பெறக்கூடியது. சிரட்டையால் மொள்ளும் பெண்கள் ஊற்றை ஏன் ஆழமாகத் தோண்டுவதில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

நான்கு நாள்களில் நாம் பயன்படுத்திய இணைய வளங்கள் இரண்டே இரண்டு. மீதியெல்லாம் தாள், பேனா, உப்பு, முட்டை. வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யும் இத்தகைய சோதனைகள் இன்னும் வேண்டுமென்றால், 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அர்விந்த் குப்தாவின் இணையதளத்தைப் பாருங்கள். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயும் கொண்டு அவர் செய்துகாட்டும் வடிவியல் உருவங்களுக்கு ஈடாக விலைகொடுத்து வாங்கும் எந்தப் பெட்டியையும் நான் கண்டதில்லை.

பார்த்தது மனத்தில் நிற்க

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மாணவியின் குறைக்கு வருவோம். பார்க்கும்போது புரிவது வேறு, தேவைப்படும்போது நினைவிலிருந்து எடுப்பது வேறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, அதைப் பாராமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது ஏறத்தாழ 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 61 விழுக்காடு. படித்த உடனே 'தெரிந்துவிட்டது' என்று தோன்றும் உணர்வை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே எந்தக் காணொளியையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, கேட்டதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். வராத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுங்கள். அந்தக் கோடுதான் மறுபடி பார்க்க வேண்டிய இடம். அதே பாடத்தை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் இப்படி எழுதிப் பார்ப்பது என் வகுப்பு வழக்கம். இந்த இடைவெளிகளைத் தானே கணக்கிட்டுத் தரும் அன்கி என்ற மென்பொருள் உண்டு. கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. தமிழில் தட்டச்சு செய்த அட்டைகளையும் அது ஏற்றுக்கொள்ளும். ஓர் அட்டையில் ஒரே ஒரு கேள்வி மட்டும் இருக்கட்டும். பிறர் செய்துவைத்த ஆயிரம் அட்டைகளைப் பதிவிறக்குவதைவிட நீங்களே செய்த முப்பது அட்டைகள் மேல். முதலில் நான் தொகுத்து வைத்திருந்ததையே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒருவரும் இரண்டு வாரத்துக்குமேல் தொடரவில்லை.

கணக்குக்கு வேறு வழி

கணக்கில் காணொளி பார்ப்பதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பொருத்தமானது, சல்மான் கான் 2008-இல் இலாப நோக்கற்ற நிறுவனமாகத் தொடங்கிய கான் அகாடமி. அங்குள்ள காணொளிகளைவிட அவற்றையொட்டிய பயிற்சிகளே மதிப்புள்ளவை: தவறாகப் போட்டால் படிப்படியாகக் குறிப்புத் தரும், சரியாகப் போட்டுக்கொண்டே போனால் அடுத்த நிலைக்கு உயர்த்தும். மொழி ஆங்கிலமாயினும், மேலே சொன்ன கலைச்சொல் பட்டியல் கையிலிருந்தால் கணக்குக் கேள்விகளின் ஆங்கிலம் ஒரு மாதத்தில் பழகிவிடும். ஜியோஜீப்ரா இன்னொன்று. மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியர் 2001-இல் உருவாக்கத் தொடங்கிய இந்த இலவச மென்பொருளில் வடிவங்களையும் வரைபடங்களையும் இழுத்து மாற்றிப் பார்க்கலாம். நம் கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற தலைப்பில் வரும் பக்கங்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

வெக்டர், அதாவது அளவோடு திசையும் சேர்ந்த கணியம், பற்றிய பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வல்லம் (நாட்டுப்படகு) மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நேர் வடக்கே முகம் வைத்து ஓடுகிறது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 3.5 கிலோமீட்டர் இழுக்கிறது. வல்லம் உண்மையில் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகும்? பிதாகரஸ் தேற்றப்படி 12.5 கிலோமீட்டர்; வடக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 16.3 பாகை விலகும். இனி, நேர் வடக்கே போய்ச் சேர வேண்டுமானால் முகத்தை எவ்வளவு மேற்கே திருப்பிப் பிடிக்க வேண்டும்? 16.3 என்றுதான் பலரும் எழுதுவார்கள். சரியான விடை ஏறத்தாழ 17 பாகை, வேகமும் 11.5 கிலோமீட்டராகக் குறையும். ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை என்பதை ஃபெட் தளத்தின் வெக்டர் கூட்டல் செயல்மாதிரியில் அம்புகளை இழுத்து வைத்துக் கண்டுபிடியுங்கள். வீட்டில் கடலுக்குப் போகும் பெரியவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் சுக்கானை எவ்வளவு திருப்பிப் பிடிப்பது என்பதை அவர் பாகைக் கணக்கில்லாமலே சொல்லிவிடுவார்.

கோண அளவு இன்னும் பிடிபடாதவர்கள் ஸ்டெல்லேரியம் என்ற இலவச வான்காட்சி மென்பொருளில் இராமேசுவரத்தை இடமாகக் கொடுத்து, துருவ நட்சத்திரத்தைத் தேடலாம். ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பாகை உயரத்தில்தான் அது நிற்கும். இங்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேல். கையை முழுவதும் நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. பாக் நீரிணைப் பக்கத்துக் கரையில் வடக்கே கடல் திறந்திருக்குமிடத்தில் நின்று, தெளிந்த இரவில் அடிவானத்தின்மேல் ஒரு முட்டியை வைத்துப் பார்த்தால், அதன் மேல் விளிம்பை ஒட்டி அந்த விண்மீன் மங்கலாகத் தெரியும்.

அக்கரைத் தமிழில் தேடும்போது

தமிழில் பாடம் தேடினால் இலங்கைத் தளங்களும் வந்து நிற்கும். அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈ-தக்சலாவ என்ற அரசுத் தளமும் உண்டு. கணக்குப் பயிற்சிகளுக்கு அவற்றை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். சொற்களில் மட்டும் விழிப்பு வேண்டும். நாம் 'வேகம்' என்பதை அவர்கள் 'கதி' என்பார்கள், நாம் 'திசைவேகம்' என்பதே அவர்களுக்கு 'வேகம்', நம் 'முடுக்கம்' அங்கே 'ஆர்முடுகல்', இயற்பியல் 'பௌதிகவியல்'. இது தெரியாமல் படித்த ஒரு பையன் காலாண்டுத் தேர்வில் வேகத்துக்குத் திசை உண்டு என்று எழுதி மதிப்பெண் இழந்தான். ஐயமுள்ள சொல்லைத் தமிழக அரசின் சொற்குவைத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கு மேலே

பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு, ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் பாடங்களும், 2017-இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளமும் உண்டு. பாடத்தைப் படிக்கக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்களும், அந்நாட்டு எம்ஐடியின் திறந்தநிலைப் பாடங்களும் ஆங்கிலம் தடையில்லாதவர்களுக்கு. ஒரே நேரத்தில் ஒரு பாடத்துக்குமேல் பதிவு செய்யாதீர்கள். நான் ஒரு முறை ஐந்துக்குப் பதிவு செய்து ஒன்றைக்கூட முடிக்கவில்லை. கட்டணச் செயலிகளைப் பற்றி ஒன்று மட்டும்: 'இலவசம்' என்று தொடங்கி வங்கி அட்டை எண்ணையோ யுபிஐ ஒப்புதலையோ கேட்கும் எதுவும் இலவசமன்று. என் உறவினர் வீட்டில் இப்படிப் பிள்ளைக்காகச் சேர்ந்துவிட்டு, மாதந்தோறும் பணம் கழிவதை நிறுத்த அரையாண்டு அலைந்தார்கள்.

கைப்பேசி வீட்டில் இருக்கும் நாள்கள்

நம் பகுதியில் பல வீடுகளில் நல்ல கைப்பேசி ஒன்றுதான். அது அப்பாவோடு, அல்லது வாப்பாவோடு, கடலுக்குப் போய்விடும். ஆகவே பதிவிறக்கும் நேரம் வேறு, படிக்கும் நேரம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காணொளியை 1080 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒன்றரை ஜிபி அளவுக்கு டேட்டா கரையும். 360 தரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், கரும்பலகை எழுத்தும் படிக்கிற அளவுக்குத் தெரியும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைப்பேசி இலங்கைச் சிக்னலைப் பிடிக்கக்கூடும் என்பதால் ரோமிங்கை அணைத்து வைப்பது நல்லது. மாலை வகுப்பு நடத்துவோர் கவனிக்க வேண்டியது கோலிப்ரி என்ற இலவச மென்பொருள்: ஒரு பழைய கணினியில் கான் அகாடமி, ஃபெட் பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், இணையமே இல்லாமல் வைஃபை வழியாகச் சுற்றியுள்ள கைப்பேசிகளில் அவற்றைத் திறக்கலாம்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்பதால் அந்த வீடுகளில் கைப்பேசியும் கரையில் இருக்கும். பள்ளி விடுமுறையும் கூடவே வருகிறது. சென்ற முறை அந்த மாணவி இந்த 61 நாளுக்கு மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டாள்: அடர்த்தியும் மிதத்தலும், வெக்டர், மடக்கை. முதல் வாரம் பாடநூல்களையும் செயல்மாதிரிகளையும் பதிவிறக்கினாள். அடுத்த ஆறு வாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், அதில் பார்ப்பதற்கு இருபது நிமிடம், எழுதுவதற்கு நாற்பது நிமிடம். கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் திறக்காமல், கோடு போட்டு விட்ட இடங்களை மட்டும் திரும்பப் பார்த்தாள். ஜூன் 14 அன்று இரவு அவளுடைய அப்பா கைப்பேசியை பாலித்தீன் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு படகுக்குப் போனபோது, இரண்டு 80 பக்க நோட்டுகள் நிரம்பியிருந்தன. கோடுகள் பதினொன்று மீதி இருந்தன. அவற்றைத்தான் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள்.